கடைத்தெருவில் குறுக்கே போகும் வண்டிகளை நிறுத்தினால் யாருக்கு நட்டம்?

வாசகர் கேள்வி:
மதுரையில் சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. கோயில் பாதுகாப்பு, சரி. அடுத்து மாசி வீதிகளிலும் வண்டியைக் குறைக்கவேண்டும் என்று சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் இப்படிச் செய்து ஊரே செழித்துவிட்டதாம். அங்கே ஆளும் கம்மி, வெயிலும் கம்மி. என் கணக்கு இதுதான்: வண்டி போனால் யாவாரமும் போகும். அந்த ஊர்களில் இருந்து பார்த்தவர் யாராவது இருந்தால் கதை விடாமல் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

இருந்து பார்த்தவன் நான். நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் என்று ஓர் ஊர். முதல் எழுத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்லவேண்டும், தமிழில் எழுத வழியில்லை. இரண்டு வருடம் படித்தேன். எங்கள் வீடும் கடையும் மாசி வீதியில். பாத்திரக்கடை, தாத்தா காலத்தது. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

அங்கே கார் விடுவதில்லை என்று எல்லோரும் சொல்வது தப்பு. கார் விடுகிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் விடுவதில்லை.

நான் அறை மாறிய கதையைச் சொன்னால் புரியும். பழைய அறை நகர மையத்தின் கிழக்கே, புதியது மேற்கே. நடந்தால் பத்து நிமிடம் ஆகாது. ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தேன். நண்பன் வாடகை வேன் எடுத்துவந்தான். ஏற்றியாயிற்று. நேரே சதுக்கத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடலாம் என்று நான் நினைக்க, அவன் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினான். ஊரைச் சுற்றி ஒரு கால்வாய், அதை ஒட்டிச் சாலை. அந்தச் சாலைக்கு வெளியே வந்து, பாதி ஊரைச் சுற்றி, மறுபடி மேற்குப் பக்கமாக உள்ளே நுழைந்தோம். வழியெல்லாம் அவன் திட்டிக்கொண்டே வந்தான். முன்னால் சைக்கிளில் கிளம்பிய இன்னொரு நண்பன் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் அவ்வளவுதான். நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். எந்தப் பகுதிக்குள்ளும் காரில் வரலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் தாண்ட முடியாது. சுற்றுச் சாலைக்குப் போய்த்தான் திரும்ப நுழையவேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் அந்த எல்லை கிடையாது, நேரே போகலாம். கடைக்கு வருகிறவன் வருவான். ஊருக்குள் வேலையே இல்லாமல் குறுக்கு வழிக்காக நுழைகிறவன்தான் வரமாட்டான்.

1977 செப்டம்பர் 19, ஒரே நாளில் அமலுக்கு வந்தது. மாக்ஸ் வான் டென் பெர்க் என்று 24 வயசுப் பையன் ஒருத்தன் செய்த வேலை. கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் அப்பா அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாகக் கடையடைப்பு நடத்தியிருப்பார்.

பிப்ரவரி 9, இரவு

திருத்தம். 24 வயது என்றது தப்பு. நகராட்சிப் பொறுப்புக்கு அவர் வந்தபோதுதான் அந்த வயது. பிறந்தது 1946. திட்டம் வந்தபோது 31. அதுவும் சின்ன வயதுதான், ஆனால் ‘பையன்’ இல்லை. தனியாளாகச் செய்ததும் இல்லை, கூட ஒரு இடதுசாரிக் கூட்டமே இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

ஃப்ரிட்ஜ் இல்லையாம், வாஷிங் மெஷினாம். வேன் ஓட்டியவன் இதைப் படித்துவிட்டு ஃபோன் பண்ணித் திட்டினான். "இடுப்பு என்னுது, எனக்குத் தெரியாதா" என்கிறான்.

பிப்ரவரி 12, புதன்

கீழே ஒருவர், "அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், நம்மோடு ஒப்பிடக்கூடாது" என்று எழுதியிருக்கிறார். நானும் போகும்முன் அப்படித்தான் நினைத்தேன்.

போருக்குப் பிறகு அவர்களும் கார் பின்னால்தான் ஓடினார்கள். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் செத்தவர்கள் 3,300 பேர், அதில் 400க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயர். பெயரில் சுற்றி வளைப்பே இல்லை. 1973 நவம்பரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் எடுக்கக்கூடாது என்று அரசே சொன்னது. நெடுஞ்சாலையில் குழந்தைகள் ஸ்கேட்டிங் போனார்களாம். நாலு வருடம் கழித்து க்ரோனிங்கன் திட்டம். அவர்களுக்கும் அது சண்டை போட்டு வாங்கியதுதான்.

நாமும் ஒரு காலத்தில் சைக்கிள்காரர்கள்தானே? அப்பாவின் ஹெர்குலிஸ் இன்னும் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் எடுத்து, ஐந்து நிமிடம் தாமதமானால் இன்னொரு மணிக் காசு. குரங்குப் பெடல் அடித்துத்தான் பழகினேன். டபுள்ஸ் போனால் போலீஸ், ராத்திரி டைனமோ எரியாவிட்டால் போலீஸ். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ். பேச்சு எங்கேயோ போகிறது.

பிப்ரவரி 15, சனி

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று காலை ஒரு சோதனை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வாசலில் போகும் வண்டிகளை எண்ணலாம் என்று உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் டூவீலர் கணக்கு தப்பிவிட்டது. அதனால் போகிறதை விட்டுவிட்டு நிற்கிறதை மட்டும் எண்ணினேன். எங்கள் கடைக்கும் இரண்டு பக்கத்துக் கடைகளுக்கும் சேர்த்து நின்ற வண்டிகளுக்கு இரண்டு கை விரல் போதும். மற்றதெல்லாம் ஹாரன் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. தெற்குவாசலிலிருந்து சிம்மக்கல் போகிறவருக்கு எங்கள் குத்துவிளக்கில் என்ன வேலை?

அப்பாவிடம் சொன்னேன். "நின்னவன் வாங்கினானா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். வாங்கினார்கள். ஒருவர் கார். கல்யாணச் சீர், அண்டா குண்டான் எல்லாம் சேர்த்து இந்த வாரத்திலேயே பெரிய பில். "அந்த அண்டாவை சைக்கிள்ல கட்டி விட்ருவியா?"

பதில் சொல்ல முடியவில்லை. எழுதிவைக்கிறேன், யோசிக்கவேண்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அண்டா கேள்விக்கு க்ரோனிங்கன் பதில்: அண்டா கார் வரலாம். அந்தப் பகுதிக்குள் நுழைந்து, வாங்கி, வந்த வழியே திரும்பலாம். அப்பா எதிர்க்கிறது ‘வண்டியே கூடாது’ என்கிற திட்டத்தை. நான் சொல்வது ‘தாண்டக் கூடாது’ என்கிறதை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் நம் ஊர் விவாதமெல்லாம் செத்துப்போகிறது. கேள்வி கேட்டவரும் அந்தக் குழப்பத்தில்தான் ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லவில்லை, திட்டம் போடுகிறவர்களே அப்படித்தான் பேசுகிறார்கள்.

அங்கேயும் சில தெருக்களில் முழுக்க நடைதான். ஹேரெஸ்ட்ராட் என்கிற கடைத்தெரு அப்படி. சரக்கு வண்டி காலையில் வந்து இறக்கிவிட்டுப் போய்விடும். அப்புறம் நாள் முழுக்க ஆட்கள் மட்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

"குறுக்கே போகிற வண்டியை அடைத்தால் அது காற்றில் கரையுமா? வேறு தெருவில் போய் நிற்கும்." நியாயமான கேள்வி. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

பாதி கரையும் என்று யாரோ முன்பு எழுதியதை நானும் பல இடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சரியான கணக்கு இது: சாலி கெய்ர்ன்ஸ், பில் குட்வின் முதலானவர்கள் 11 நாடுகளில் 70 இடங்களுக்கு மேல் எடுத்துப் பார்த்தார்கள். பாலம் மூடியது, தெருவை அடைத்தது, ஒரு தடத்தைப் பேருந்துக்குக் கொடுத்தது என்று எல்லா வகையும். சுற்றியுள்ள தெருக்களையும் சேர்த்து எண்ணியபோது, சராசரியாக 21.9 சதவீத வண்டிகள் எங்கேயும் அகப்படவில்லை.

ஆனால் சராசரியை நம்பாதீர்கள். ஒன்றிரண்டு இடங்களில் ரொம்ப அதிகம் குறைந்ததால் சராசரி ஏறிவிட்டது. வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதைப் பார்த்தால் ஏறத்தாழ 11 சதவீதம்தான். பாதி இடங்களில் அதைவிட அதிகம், பாதியில் அதைவிடக் குறைவு. சில இடங்களில் வண்டி கூடியும் இருக்கிறது. அதற்காக ஒன்றுமே நடக்காது என்று சொல்வதும் தப்பு. நேரத்தை மாற்றுகிறார்கள், இரண்டு வேலையை ஒரே நடையில் முடிக்கிறார்கள், பக்கத்துக் கடைக்கு நடக்கிறார்கள்.

11 என்றால் மீதி 89 எங்கேயோ இருக்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. அது அடுத்த தெருவில்தான்.

பிப்ரவரி 19

அடுத்த தெருக்காரர் வந்துவிட்டார்! ஆவணி மூல வீதியில் குடியிருக்கிறாராம். "சித்திரை வீதியை மூடினீங்க, அத்தனை ஆட்டோவும் எங்க வாசல்ல" என்று எழுதியிருக்கிறார். நான் சண்டைக்குப் போகப்போவதில்லை. அவர் சொல்வது முழுக்க உண்மை. ஒரு தெருவைத் தனியாக மூடுவது வேறு, மொத்த ஊரின் ஓட்டத்தையும் திருப்புவது வேறு. சித்திரை வீதியில் நாம் செய்தது முதலாவது.

பிப்ரவரி 23, ஞாயிறு

படத்தை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரைந்தது மாதிரி இருக்கிறது நம் ஊர். உள்ளே ஆடி வீதி, கோயிலைச் சுற்றிச் சித்திரை, அப்புறம் ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதிகள். ஊரையே வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் (சதுரம் என்று யாரும் திருத்தவேண்டாம்). நெதர்லாந்துக்காரனிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் கோடு போட்டுவிடுவான்: வெளி வீதிகள்தான் சுற்றுச் சாலை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு துண்டு. எந்தத் துண்டுக்கும் வெளி வீதியிலிருந்து நுழையலாம். மாசி வீதியின் நான்கு மூலைகளிலும் காரும் ஆட்டோவும் திரும்பமுடியாமல் ஓர் அடைப்பு. தேர் திரும்புகிற மூலைகள். முடிந்தது.

வெளி வீதியே கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடம்தான். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நடந்தது. அவருக்கு வைத்த விளக்குத்தான் விளக்குத்தூண். கூட நின்று வேலை பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயராகிவிட்டார்கள். அன்றைக்கும் யாராவது "கோட்டையை இடித்தால் ஊர் என்னாவது" என்று மனு எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதை இன்று காலை மேல வெளி வீதியில் நின்றபோது வாபஸ் வாங்கத் தோன்றியது. ரயில் நிலையம், பெரியார் பேருந்து நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். அந்த வீதி இப்போதே மூச்சு விடமுடியாமல் கிடக்கிறது. அதன் தலையில் மாசி வீதி வண்டியையும் ஏற்றினால்?

க்ரோனிங்கனில் கால்வாய்ச் சாலைக்கு வெளியே இன்னொரு பெரிய சுற்றுச் சாலையும் உண்டு. ஊரைத் தாண்டுகிறவர் அங்கேயே விலகிவிடுவார். நமக்கும் ரிங் ரோடு இருக்கிறது, ஆனால் தெற்குவாசல்காரர் சிம்மக்கல் போக ரிங் ரோட்டுக்கா போவார்? வெளி வீதியில் ஓரத்தில் நிற்கும் வண்டிகளை எடுத்தாலே ஒரு தடம் கிடைக்கும். அதை எடுக்க யாருக்குத் துணிவு உண்டு? இந்த இடத்தில் எனக்கு விடை இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

பெல்ஜியத்தில் கெண்ட் என்ற ஊரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ரயிலில் போய் ஒரு நாள் சுற்றியிருக்கிறேன், அவ்வளவே. க்ரோனிங்கனைப் பார்த்துத்தான் அவர்களும் செய்தார்கள். 2017 ஏப்ரல் 3. நடுவில் நடைப்பகுதி, சுற்றிலும் ஆறு துண்டு. தாண்டும் இடங்களில் அடைப்புக்குப் பதிலாகப் பல இடத்தில் கேமரா. அனுமதி இல்லாத வண்டி கடந்தால் வீட்டுக்கு அபராதச் சீட்டு. அங்கே குடியிருப்பவர், மருத்துவர் போன்றவர்களுக்கு அனுமதி உண்டு. ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று இங்கே மூன்று பேர் கேட்டீர்களே, கேமராவுக்கு ஆம்புலன்ஸை மறிக்கக் கை கிடையாது. இப்போது மாசி வீதியில் சைரன் அடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் எப்படி நகர்கிறது என்பதையும் அந்த மூன்று பேர் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும்.

கெண்ட் 1980களிலேயே ஒருமுறை முயன்று, எதிர்ப்பு தாங்காமல் சில மாதங்களில் கைவிட்ட ஊர். பத்து வருடம் கழித்து நடைப்பகுதி, இன்னும் இருபது வருடம் கழித்து முழுத் திட்டம்.

மார்ச் 3

புதுச்சேரிக்காரர் ஒருவர்: "எங்கள் கடற்கரைச் சாலையில் தினமும் மாலை ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிடுகிறார்கள், காலை ஏழரை வரைக்கும். யாரும் க்ரோனிங்கன் போகவில்லை." அடிவாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

க்ரோனிங்கனில் வெயில் பிரச்சினை இல்லை, காற்று. சமதரை, தடுக்க ஒரு மேடு கிடையாது. எதிர்க்காற்றில் மிதித்தால் சைக்கிள் நிற்கிற இடத்திலேயே நிற்கும். மழை பக்கவாட்டில் அடிக்கும். ஊருக்குள் ஏறத்தாழ 60 சதவீதப் பயணம் சைக்கிளில் என்றால், வானிலை நன்றாக இருந்ததால் இல்லை. காரில் போனால் சுற்று, சைக்கிளில் போனால் நேர். அந்தச் சோம்பேறித்தனம்தான் காரணம். அதோடு மாணவர்கள் நிறைய, ஊரும் கைக்குள் அடங்கும் அளவு. இதையும் சொல்லாவிட்டால் கதை விட்டதாகும்.

ஆனால் சித்திரை வெயிலும் எதிர்க்காற்றும் ஒன்றில்லை. பகல் இரண்டு மணிக்கு மாசி வீதியில் நடப்பவர் நிழலுக்காக ஒவ்வொரு கடையின் தகர ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார். வண்டியை எடுத்துவிட்டு அங்கே கருங்கல் பதித்தால் கால் வெந்துவிடும். கிடைத்த இடத்தில் வேம்போ புங்கனோ வைக்கவேண்டும். மரம் வைத்தால் தேர் வராது என்பார்கள். ஆமாம், வராது. அப்போது பந்தலா? தெரியவில்லை.

எங்கள் ஆச்சிக்கு முட்டி வலி. சித்திரை வீதி மூடியபின் முனையில் ஆட்டோவை விட்டு இறங்கி, பேட்டரி கார் வருமா என்று நின்றுகொண்டிருப்பார். இதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று கேட்டால் என் முதல் பதில் ஆச்சிக்கு நட்டம் என்பதுதான். மரமும் உட்காரத் திண்ணையும் இல்லாத நடைத்தெரு இளவட்டங்களுக்கு மட்டும்தான்.

மார்ச் 10

டூவீலர்! இவ்வளவு எழுதியும் டூவீலரை மறந்திருக்கிறேன். ஐரோப்பியத் திட்டமெல்லாம் காருக்குப் போட்டது. இரண்டு கல்லுக்கு நடுவே சைக்கிள் போகும் இடைவெளி விட்டால் நம் ஊரில் ஸ்கூட்டி போகும், பின்னால் இரண்டு பேரோடு. கெண்ட் மாதிரி கேமரா வைத்தாலும் நம்பர் பிளேட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு போகும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு விடை இல்லாமல் மற்றதைப் பேசிப் பயன் கம்மி. பிப்ரவரி 23இல் "முடிந்தது" என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதை அழித்துவிட்டுப் படியுங்கள்.

மார்ச் 16, ஞாயிறு

இடையில் வேறு ஒன்று. டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற பேராசிரியர் சான் பிரான்சிஸ்கோவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளுக்கு ஏறத்தாழ 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. குறைந்த வண்டித் தெருவில் ஒருவருக்குச் சராசரி மூன்று சிநேகிதர்கள் அதே தெருவில் இருந்தார்கள். மூன்றாவது தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. அவரே 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

அப்பாவிடம் கேட்டேன்: எதிர்சாரிக் கடைக்காரர் பெயர் என்ன? கண்ணாடிக் கடை, வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்பாவுக்குத் தெரியவில்லை. "முன்னாடி இருந்த செட்டியார தெரியும். டீ வாங்கி அந்தப் பக்கம் கொடுத்து விடுவேன். இப்ப யாரு தாண்டிப் போறது?"

மே 10, சனி

இந்த இழை தூங்கிவிட்டது. நேற்று தேரோட்டம், அதனால் ஒரு குறிப்பு.

மாசி வீதிகளில் ஒரு வண்டி இல்லை. சுற்றியுள்ள ஊர்ச் சனமெல்லாம் வீதியில்தான். வாசலில் நீர்மோர் வைத்தோம். அண்டா எங்கள் கடையதுதான், விளம்பரத்துக்கும் ஆயிற்று. கூட்டம் வந்தால் யாவாரம் ஏறும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒரு டம்ளர்கூட விற்கவில்லை. தேர் பார்க்க வந்தவர் பாத்திரம் வாங்கமாட்டார். ஐஸ்காரருக்கும் பலூன்காரருக்கும் நல்ல யாவாரம். இதை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது, எந்தப் பக்கமும்.

எதிர்க் கண்ணாடிக் கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்து மோர் குடித்தார். ராஜபாளையம் பக்கமாம். அப்பாவும் அவரும் தேர் வடம் கடந்து போன பின்னாலும் ரொம்ப நேரம் வாடகை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை கடை திறக்கும்போது வழக்கம்போல ஹாரன். அப்பா ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கேட்டார்: "அந்த ஊர்ல சரக்கு எத்தனை மணிக்குள்ள இறக்கணும்னு சொன்ன?"

"காலையிலேயே இறக்கிரணும்ப்பா."

"நம்ம லோடுமேன் பதினோரு மணிக்குத்தாண்டா எந்திரிக்கிறான்."